இன்னிக்கு எங்க விட்டேன்?

வகுப்பு முடிந்து துறைக்குள் நுழைந்ததும் நாங்கள் எல்லாரும் செய்கிற முதல் வேலை தண்ணீர் பாட்டிலைத் திறப்பது. ஒரு மணி நேரம் கத்திவிட்டு வந்தால் தொண்டை காயத்தானே செய்யும். புதிதாகச் சேர்ந்த மேடம் மட்டும் பாட்டிலைக் கையில் எடுத்து, மூடியைத் திருகாமல், நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். கை முழுக்கச் சாக்பீஸ் தூள். முந்தானையிலும் கொஞ்சம் இருக்கும்.

"சார், இன்னிக்கு எங்க விட்டேன்?"

பாடம் நடத்தும்போது எந்த இடத்தில் பிள்ளைகளைக் கைவிட்டேன் என்று அர்த்தம். எனக்கு எப்படித் தெரியும்? நான் என் வகுப்பில் இருந்தேன். அப்படியேதான் பதிலும் சொன்னேன், கொஞ்சம் எரிச்சலாகவே. எனக்கு எரிச்சல் சுலபமாக வரும். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பக்கத்து ரூம்லதானே சார் இருந்தீங்க? எந்த நேரத்துல சத்தம் ஜாஸ்தியாச்சுன்னு கவனிச்சீங்களா?" என்று அடுத்த கேள்வி. நான் உதட்டைப் பிதுக்கியதும், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர் அக்காவிடம் போய் அதையே கேட்டார்.

"பாதிக்கு மேல ஒரே இருமலுங்க மேடம். ஒருத்தன் இருமுனா எல்லாம் சேந்து இருமுதுங்க" என்றார் அந்த அக்கா.

"அப்ப வெக்டர் ஆரம்பிச்ச இடம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம்தான் தண்ணீர் குடித்தார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இது அவர் கண்ணில் பட்டால், "இந்தக் கட்டுரையில எங்க விட்டீங்கன்னு சொல்லட்டுங்களா சார்?" என்று போன் வரும். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

எங்களுடையது தர்மபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே ரோட்டோரமாக இருக்கிற ஒரு தனியார் கல்லூரி. நான் இயற்பியல் துறைத் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஃபேன் ஓடவில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அவர் மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து போனவர். தக்காளியும் கத்தரியும் வாங்கி ஓசூருக்கு லோடு அனுப்புகிற வீடு. வீட்டில் தெலுங்கு. போனில் அம்மாவோடு தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, அதே மூச்சில் எங்களிடம் திரும்பி, "சார், உராய்வுக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்க" என்பார். பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு முடித்து, முதல் வேலையாக எங்களிடம் சேர்ந்தார்.

வேலை ஒரு வருடத்துக்குத்தான். வருடம் முடிகிற சமயத்தில் பிரின்சிபால் ஒரு வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சேர்ந்த அன்றே இதை மேடத்திடம் விளக்கிச் சொன்னேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. நோட்ஸ் குடுங்க, போர்ஷனை முடிங்க. அவர் வர்ற அன்னிக்குப் போர்டை நிறைச்சு எழுதுங்க. அவ்வளவுதான் விஷயம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார்" என்றார்.

நான் சொன்ன மூன்றில் ஒன்றையும் அவர் செய்யவில்லை.

எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இண்டூர், கம்பைநல்லூர், அந்தப் பக்கத்துக் காடுகரைகளிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வருகிறவர்கள். பாதிப் பேர் வீட்டில் இவர்கள்தான் முதல் டிகிரி. தங்கமான பிள்ளைகள். ஊருக்குள் எதிரே ஆசிரியர் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கிவிடுவார்கள். வகுப்பில் "புரியுதா?" என்று கேட்டால் மொத்தமாகச் சேர்ந்து "புரியுதுங்க" என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறவன் நான். பல வருடமாக அப்படித்தான்.

அவர் சேர்ந்த புதிதில் ஒரு நாள் டெஸ்ட் பேப்பர் கட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சார், எல்லாரும் புரியுதுன்னாங்க. டெஸ்ட் வெச்சா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை."

"அதெல்லாம் அப்படித்தாம்மா."

"அப்ப எதுக்கு சார் புரியுதுன்னாங்க?"

"நீங்க கேட்டீங்க, அவங்க சொன்னாங்க. மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்கம்மா."

"மரியாதையா?" என்றார். பேப்பர் கட்டைப் பார்த்தார். "சார், பாழாப்போன இந்தக் கேள்வியை இனிமே நான் கேக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு "புரியுதா" என்ற சொல் அவர் வகுப்பில் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. "இப்ப நீ சொல்லு" என்பார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார். ஐயோ, அந்தக் காத்திருப்பு! எங்களுக்கெல்லாம் கேள்வி கேட்டு மூச்சு விடுவதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிட்டால்தான் நிம்மதி. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பசங்க தரையைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், பேனாவைக் கழற்றி மாட்டுவார்கள். அவர் அசைய மாட்டார். அந்த வராந்தா வழியாகப் போகும்போது வகுப்பில் ஆளே இல்லை என்று நினைத்து நான் லைட்டை அணைக்கப் போயிருக்கிறேன்.

எழுதி வாங்கிப் பார்ப்போம் என்று ஒரு முறை முயன்றார். பெயர் போட வேண்டாம், என் பாடத்தில் என்ன குறை என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள் என்றார். வந்த சீட்டுகளை என் மேசையில் கொட்டினார். "சூப்பரா நடத்தறீங்க மேடம்." "நீங்கள் நீடூழி வாழ வேண்டும்." ஒரு சீட்டில் ரோஜாப்பூ வரைந்து இலைக்குப் பச்சை மை வேறு தீட்டியிருந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே அதே வகுப்பிலிருந்து நாலைந்து பேர் என் அறைக்கு வந்தார்கள். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு நின்றார்கள்.

"சார், மேடம் நோட்ஸே தரதில்லீங்க. கேள்வியாவே கேக்கறாங்க. போர்ஷன் போவலீங்க. ஒண்ணும் புரியலீங்க. வேற யாராவது போடுங்க சார்."

இதை நான் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். அழுவார் என்று எதிர்பார்த்து, கையோடு கேன்டீனிலிருந்து டீயும் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அதைத் துடைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"புரியலைன்னு சொன்னாங்களா சார்? அவங்க வாயால சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப சொல்லத் தெரியுது. என்கிட்ட சொல்லலை, அவ்வளவுதான். அது என் வேலை."

டீயை எடுத்துக் குடித்தார். எனக்குத்தான் குடிக்க முடியவில்லை. இந்த அம்மாவை எந்த அச்சில் வார்த்தார்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மற்றவர்களுக்கும் அவருக்கும் ஆரம்பத்திலேயே ஆகாமல் போனதற்குக் காரணம் வேறு. எங்கள் துறையில் எல்லாரிடமும் போய், "நான் உங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். எதற்கு என்றால், நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளவாம். எங்கள் பக்கம் இப்படி ஒருவர் கேட்டு நாங்கள் கேட்டதில்லை. ஒரு ஆசிரியரின் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் உட்காருவதென்றால் அது வேவு பார்க்கத்தான். மேனேஜ்மென்ட் அனுப்பிய ஆள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தி, வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு வேளையில் குழம்பு பரிமாறிக்கொள்வதுகூட நின்றுபோனது.

நான் தலைவன் ஆயிற்றே, வீம்புக்காக வாங்க என்றேன். வந்து ஒரு மணி நேரம் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். நான் அன்றைக்கு நோட்ஸ் சொல்லிக்கொண்டே போனேன், கொஞ்சம் ராகமாகவே. வெளியே வந்ததும் பாராட்டுவார் என்று நடையை மெதுவாக்கினேன்.

"சார், உங்க குரல் கடைசி வரைக்கும் கணீர்னு கேக்குதுங்க. நான் நடுவுலயே தேஞ்சு போறேன். அதை எப்படி சார் பழகுனீங்க?"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"ஆனா சார், கடைசி பெஞ்சுல இருந்து பாத்தா போர்டுல வலது பக்கம் ஒண்ணுமே தெரியலைங்க. ஜன்னல் வெளிச்சம் அடிச்சுப் பளபளன்னு இருக்குது. உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. நான் எப்போது என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்? மறுநாள் நானே போய் அந்த ஜன்னலைச் சாத்தினேன். அவர் சொன்னதற்காக இல்லை, வெளிச்சம் கண்ணைக் கூசியது. இப்படித்தான் மற்றவர்களிடம் சொன்னேன்.

இனி கிணற்றுக் கதை. அவரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அதுதான்.

பிள்ளைகள் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்களே என்று, ஒரு நாள் வேண்டுமென்றே தப்பாகக் கணக்குப் போடுவதென்று முடிவு செய்தார். யாராவது ஒருவர் கை தூக்கித் தடுக்கிற வரைக்கும் போவது என்று. கிணற்றில் கல்லைப் போடுகிறோம், தொபுக்கென்று சத்தம் வர இத்தனை நேரம் ஆகிறது, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது கணக்கு. இரண்டாவது வரியிலேயே கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தலைப் போட்டார். திரும்பிப் பார்த்தார். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலே போனார். கடைசியில் ஆழம் மைனஸ் இருபது மீட்டர் என்று வந்தது. அதாவது கிணற்று மேட்டுக்கும் மேலே, தென்னை மர உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. எங்கே? எங்கள் தர்மபுரி ஜில்லாவில்! ஆயிரம் அடிக்கு போர் போட்டாலும் புகைதான் வரும் என்கிற ஊரில்.

பிள்ளைகள் விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார்கள்.

"சந்தேகம் இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

அன்றைக்குத் துறைக்கு வந்தவர், "சார், இன்னிக்கு எங்க விட்டேன்னு எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த வகுப்புப் பெண் மாதேஸ்வரி, இண்டூர்க்காரி, எங்களைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றாள். அவர் கூப்பிட்டார்.

"மாதேஸ்வரி, உங்க வூட்ல கிணறு இருக்குதா?"

"இருக்குதுங்க மேடம். தண்ணிதான் இல்லீங்க."

"அப்ப தண்ணி கிணத்துக்கு மேல நிக்குதுன்னு எழுதுனியே?"

அவள் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க எழுதுனீங்கல்லங்க மேடம்."

"தப்புன்னு தெரிஞ்சுதா?"

"அப்பவே தெரிஞ்சுதுங்க. எல்லாத்துக்கும் தெரிஞ்சுதுங்க."

"ஏன் சொல்லலை?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்: "எப்படிங்க மேடம் சொல்றது?"

பாலக்கோட்டு பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. மாதேஸ்வரி வணக்கம் சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸைப் பார்த்துப் போனாள்.

"சார், கேட்டீங்களா? பயமில்லை. சோம்பேறித்தனம் இல்லை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, அவ்வளவுதான். அப்ப அதை முதல்ல சொல்லிக்குடுக்கணும்."

"போர்ஷன் எங்கம்மா நிக்குது, நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று கத்தினேன். எனக்கு உண்மையிலேயே கவலை. அவர் முதல் யூனிட்டைத் தாண்டவே ததிங்கிணத்தோம் போட்டுக்கொண்டிருந்தார். "பரீட்சை வருது. ரிசல்ட் போச்சுன்னா பிரின்சிபால் உங்களைக் கேக்க மாட்டாரு, என்னைக் கேப்பாரு."

அவர் மாதேஸ்வரி போன பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நானும் மூணு வருஷம் புரிஞ்சுதுங்கன்னு சொல்லிட்டே பாஸ் பண்ணவதான் சார். நல்ல மார்க்கு. பெங்களூர்ல போய் உக்காந்தா ஒரு மண்ணும் புரியலை. ஹாஸ்டல் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன், சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணு அப்படி அழக் கூடாது சார். அதுக்கு என்ன ஆனாலும் சரி."

என்ன ஆனாலும் சரி என்று எல்லாரும்தான் சொல்கிறோம். இவர் அதற்குப் பிறகு செய்ததைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "மேடம், அந்த இடம் புரியலை" என்று சொல்ல வேண்டும். பாடமே அதுதான். ஒன்றாம் வகுப்பில் அ, ஆ சொல்ல வைக்கிற மாதிரி. நான் வராந்தாவில் நின்று ஒட்டுக் கேட்டேன். பாதிப் பேருக்குச் சிரிப்பில் வாய் வரவில்லை. ஒருவன் "மேடம், அந்த இடம்..." என்று ஆரம்பித்து, வியர்த்துப்போய், "பரவால்லீங்க மேடம், நானே பாத்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கும் கேப்பேன்" என்றார் அவர்.

நாளைக்கும் கேட்டார். அதற்கு மறுநாளும். பிறகு வெறுமனே புரியலை என்றால் போதாது, எந்த வரி என்று சொல்ல வேண்டும் என்றார். பிறகு, மேடம் செய்தது தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டும் என்றார். யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சம்பளம் ஏறினாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வராது. சில நாள் வகுப்பு நன்றாகப் போகும். சில நாள் பழையபடி எல்லாரும் இருமுவார்கள். அன்றைக்குப் பாட்டிலைத் திருகாமல் வந்து நிற்பார்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் ஒன்றும் பிரமாதமில்லை. என் பாடத்தில் தேறியவர்களைவிட அவர் பாடத்தில் தேறியவர்கள் குறைவு. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் புது மேடம் எப்படி?" என்று கேட்டார். பிரின்சிபால் அரசுக் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அதனாலேயே எங்களுக்கு அவரிடம் பயம். "நல்லா உழைக்கிறாங்க சார்" என்றேன். "உழைக்கிறாங்க, சரி" என்றார். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

வருடக் கடைசியில் பிரின்சிபால் வந்து பார்க்கிற நாள் முடிவானது. பிரின்சிபாலுக்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். முடியும்போது எழுந்து பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: நடத்தியது புரியுதா? வகுப்பே சேர்ந்து "புரியுதுங்க சார்" என்னும். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் கல்லூரியில் வேலை நிலைத்த அத்தனை பேரும் அந்த ஒரு பதிலால் நிலைத்தவர்கள்தான், நான் உட்பட.

முந்தின நாள் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும், பிரின்சிபால் கேட்டா புரியுதுன்னு சொல்லச் சொல்லுங்கம்மா. ஒரு நாள்தான். உங்களுக்காகப் பசங்க சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க சார். சொன்னா செய்வாங்க. அதான் பிரச்சனை."

"இந்த வேலை போனா என்ன பண்ணுவீங்க?"

"ஓசூர்ல ஏதாவது கம்பெனிக்குப் போகணும். எங்கண்ணன் ஏற்கெனவே பேசி வெச்சிருக்கான்." கொஞ்சம் நேரம் நகத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸைச் சுரண்டினார். "அங்க போர்டு இருக்காது சார். எனக்குப் பயமாத்தான் இருக்குது. ஆனா ஒரு வருஷம் நான் பாடுபட்டுச் சொல்லிக்குடுத்ததை, என் வேலைக்காக நானே போய் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன. எது அதிகம் என்று கேட்டால் அன்றைக்குக் கோபம்தான்.

மறுநாள் பிரின்சிபாலும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாடம், வளைவில் திரும்புகிற வண்டி. தொப்பூர் கணவாயில் வளைவு வருகிற இடத்தில் ரோட்டின் வெளிப்பக்கம் ஏன் தூக்கலாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் அந்த வளைவைத் தெரியாத ஆள் கிடையாது. நன்றாகத்தான் போனது. நடுவே கேள்வி கேட்டார், காத்திருந்தார். அந்த மௌனத்தில் பிரின்சிபால் நெளிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாடம் மறந்துடுச்சா?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். கடைசியில் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் இருந்த எடையை அடித்து, ஒரே வேகத்தில் வந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் ஒரே சாய்வு என்று விடையை எழுதி முடித்தார்.

பிரின்சிபால் எழுந்தார். பிள்ளைகளும் எழுந்தார்கள். உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"என்னப்பா, மேடம் நடத்தியது புரியுதா?"

ஒரு சத்தமும் இல்லை. சொல்லித் தொலைங்கடா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்கடா என்று மனசுக்குள் அலறினேன். எவனோ இருமினான். அவர் போர்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விரல்கள் மட்டும் முழங்கையை இறுகப் பிடித்திருந்தன.

மாதேஸ்வரி எழுந்தாள்.

"பாதி புரிஞ்சுதுங்க சார். பாதி புரியலைங்க."

பிரின்சிபாலின் முகம் இறுகியது. "எது புரியலை?"

அவள் பிரின்சிபாலைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தாள். "மேடம், அந்தக் கடைசிக்கு முந்தின வரிங்க. எடையை அடிச்சீங்க. போர்டுல அடிச்சா போவுதுங்க. ரோட்டுல எப்படிங்க போவும்? புளி மூட்டை ஏத்துன லாரியும் காலி லாரியும் ஒரே சாய்வுல எப்படிங்க திரும்பும்?"

"எனக்கும் அதாங்க மேடம்" என்றான் ஜன்னலோரத்தில் ஒருவன். "எனக்குங்கூட" என்று இன்னும் ரெண்டு மூணு குரல்.

முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய. டஸ்டரை எடுத்துப் போர்டு முழுவதையும் அழித்தார். மணி அடித்தது. பிரின்சிபால் கிளம்ப ஒரு அடி வைத்தார்.

"சார், கொஞ்சம் உக்காருங்க" என்றார் அவர். பிரின்சிபாலிடம்! "இதை இப்படியே விட்டுட்டு இவங்களை அனுப்ப முடியாதுங்க."

பிரின்சிபால் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"மாதேஸ்வரி, எந்த லாரியைத் திருப்ப அதிகத் தள்ளு வேணும்?"

"மூட்டை ஏத்துனதுக்குங்க."

"அந்தத் தள்ளைக் குடுக்கறது யாரு?"

"ரோடுங்க. அந்தச் சாய்வு."

"ரோடு ஏன் தள்ளுது?"

"லாரி அதை அழுத்துதுங்க."

"எந்த லாரி அதிகமா அழுத்தும்?"

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் திரும்பவில்லை. மாதேஸ்வரி உள்ளங்கையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் இன்னொரு கையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"அய்யோ மேடம்! மூட்டை ஏத்துனதுதான் அதிகமா அழுத்துதுங்க. அதுக்கு வேணுங்கறதை அதுவே வாங்கிக்குதுங்க!"

"உக்காரு" என்றார் அவர்.

நாங்கள் வெளியே வந்தோம். பிரின்சிபால் வராந்தாவில் எனக்கு முன்னால் நடந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதை நான் மனசுக்குள் வேகமாக அடுக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் துடுக்காகப் பேசிவிட்டார்கள் சார், மேடம் நல்ல உழைப்பாளி, இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று. படிக்கட்டுப் பக்கம் வந்ததும் அவர் நின்றார்.

"அந்த மேடம் இருக்கட்டும் சார்."

"ரொம்ப நன்றிங்க சார்."

அவர் இறங்கவில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, உள்ளங்கையை லேசாகச் சாய்த்துப் பிடித்து, அதையே பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு இன்னும் புரியலைங்க சார். கை தூக்கலாமான்னு பாத்தேன். கூச்சமா இருந்துச்சு."